காற்றாலையை எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகளா?

மன்னாரில் காற்றாலை வேண்டாம் என்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகளா, நிலக்கரியைவிட இது சுத்தம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுத்தம்தான். நுரைச்சோலையில் நிலக்கரி எரிவதைவிட மன்னாரில் காற்றாடி சுற்றுவது நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நானும் மறக்கவில்லை. ஆகவே, "நீ மட்டும் கரண்ட் பாவிக்கவில்லையா?" என்று கீழே எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை, எந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்டவில்லை. (அப்பாவின் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டினார்கள், அது வேறு கதை.)

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் கரண்ட் வந்துசேரும் ஊரில் இருக்கிறீர்கள் போல. நான் கரண்ட் எடுக்கும் ஊர்க்காரன். காசல்ரீ, மவுசாக்கலை, நோட்டன், லக்ஷபான என்று நீர்மின்சாரத்துக்கான அணைகள் எல்லாம் எங்கள் மலையகப் பக்கம். லக்ஷபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், முதல் பல்ப் எரிந்தது நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது. 2012இல் மேல் கொத்மலையில் 150 மெகாவாட் நீர்மின்நிலையம் வந்தது, ஆற்றுத் தண்ணீரை அதற்குத் திருப்பினார்கள். தலவாக்கலை ரயிலில் போகிறவர்கள் சென் கிளேயர் அருவியைப் பார்த்து, "முந்தி எப்படி விழும் தெரியுமா" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

எங்கள் கதை அதைவிடச் சின்னது. தோட்டத்துக்குக் கீழே ஓர் ஓடை, நாங்கள் ஆறு என்போம். அதில் அப்பாயி துவைக்கும் கல் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்து தேய்ந்து, உட்கார்ந்தால் தொட்டில் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லுக்குச் சண்டையே நடக்கும்.

அங்கே மினி ஹைட்ரோ, அதாவது சின்ன நீர்மின்நிலையம், ஒன்று வந்தது. கோயில் மண்டபத்தில் கூட்டம் என்று கணக்கப்பிள்ளை பிரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) சொன்னது அன்று காலையில்தான். கூட்டம் பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் பெண்கள் எல்லாரும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தது சில கிழவர்களும், அன்று பள்ளிக்கூடம் போகாத நானும். வரைபடம் ஆங்கிலத்தில், பேச்சு சிங்களத்தில். ஆபீஸ் கிளார்க் ஒருவர் எங்களுக்காகச் சுருக்கிச் சொன்னது ஒரே வரி: "தண்ணிய எடுத்துட்டுத் திரும்ப ஆத்துலயே விட்டுருவாங்க."

பொய்யே இல்லை. மேலே சின்ன அணை கட்டித் தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, மலையோரமாகக் கொண்டுபோய், பெரிய குழாயில் இறக்கி, டர்பைனைச் சுற்றவிட்டு, மறுபடி ஆற்றிலேயே விடுகிறார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அந்த இரண்டு கிலோமீட்டருக்குள்தான் எங்கள் லயங்கள். ஆற்றுக்கென்று கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும் என்று விதி உண்டு, விடவும் செய்கிறார்கள். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை அது கணுக்காலை நனைக்கவே காணாது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முந்தியே கடிதம் வந்திருந்ததாம். தோட்டத்து ஆபீஸ் லாச்சியில் கிடந்தது. இது எங்களுக்குப் புதுசு இல்லை. லயக் காம்பராவுக்கென்று முகவரி கிடையாது. தபாலெல்லாம் ஆபீசுக்கு வரும், அங்கே யாருக்காவது மனம் வந்தால் நம் கைக்கு வரும். ஆசிரியர் வேலைக்கான என் நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. உறையின் மேல் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டம். அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. இதற்கும் காற்றாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சரி, விடுங்கள்.

அம்பேவலையிலும் காற்றாடி இருக்கிறது. 12 காற்றாடி, மொத்தம் 3 மெகாவாட். அதை எதிர்த்து ஒரு பதாகையைக்கூட நான் பார்த்ததில்லை. மாடு மேயும் புல்வெளி, அடியில் யார் வீடும் இல்லை. நாங்களே வேன் பிடித்துப் போய்ப் படம் எடுக்கிறோம். போன முறை அக்காவின் சின்ன மகள், புல்லில் வந்துவந்து போன இறக்கை நிழலைத் தாண்டித் தாண்டி விளையாடினாள்.

மன்னார்த் தீவில் ஏற்கெனவே 103.5 மெகாவாட், 30 காற்றாடி. அங்கே பக்கத்திலேயே வீடு, மீனவர் வாடி, வலை. மழைத் தண்ணீர் வடியவில்லை, மீன்பாடு குறைந்துவிட்டது, வலசை வரும் பறவைகளுக்கு ஆபத்து என்கிறார்கள். இந்தியாவின் அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகிய பிறகும் மற்றத் திட்டங்களை எதிர்த்து ஆகஸ்டில் சனம் நாள்கணக்கில் தெருவில் நின்றது. ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தச் சொன்னார். அவர்கள் சொல்வது அத்தனையும் சரி என்று நான் வாதாட வரவில்லை, நான் இஞ்சினியர் இல்லை. ஆனால் காற்றாடியின் பாகங்கள் லாரியில் வந்த பிறகு "ஏன் இப்போது கத்துகிறீர்கள்" என்று கேட்டால், எனக்குக் கோயில் மண்டபம்தான் ஞாபகம் வருகிறது.

அப்பாயி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த அணையில் இப்போது எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் வேலை செய்கிறான், பெயர் வேண்டாம். வறட்சி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை, துவைக்கிற நேரம் பார்த்து, கதவை இரண்டு சுற்று கூடுதலாகத் திறந்து வைக்கிறான். ஒன்பது மணிக்கு மூடிவிடுவான். எட்டரைக்கே பெண்கள் அலசி முடித்துவிடுகிறார்கள்.