சவ்வு வழியே வாயு பிரித்தல்: பாலிமர் அமைப்பு பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: வாயுவைப் பிரிக்கும் பாலிமர் சவ்வில் துளையே இல்லை என்கிறீர்கள். பிறகு வாயு எப்படி மறுபக்கம் போகிறது, சார்?

கரைந்து போகிறது. அதிக அழுத்தமுள்ள பக்கத்தில் மூலக்கூறு பாலிமருக்குள் கரைகிறது, சங்கிலிகளுக்கு நடுவே நகர்கிறது, மறுபக்கத்தில் வெளியேறுகிறது. ரப்பர் படலத்தை வைத்துத் தாமஸ் கிரஹாம் 1866-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஊடுதிறன் (வாயு எவ்வளவு எளிதாக ஊடுருவும் என்பது) கரைதிறனையும் விரவல் வேகத்தையும், அதாவது உள்ளே நகரும் வேகத்தையும், பெருக்கி வருவது. எந்தத் தரவைப் பார்த்தாலும் இந்த இரண்டில் எது மாறியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: சிலிகோன் ரப்பரில் வாயு வேகமாகப் போகிறது, ஆனால் சரியாகப் பிரிவதில்லை. பாலிசல்ஃபோனில் நேர்மாறு. ஏன்?

சிலிகோன் சங்கிலி அறை வெப்பநிலையில் ஓயாமல் நெளிந்துகொண்டிருக்கும். அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது சங்கிலி நெளிவதை நிறுத்தி விறைக்கும் புள்ளி, மைனஸ் 120 டிகிரிக்கும் கீழே. இடைவெளி கணத்துக்குக் கணம் திறந்து மூடுவதால் சிறியது, பெரியது எல்லாமே புகுந்துவிடும். ஆக்சிஜனுக்கு ஊடுதிறன் 600 பேரருக்கு (பேரர் என்பது ஊடுதிறனின் அலகு) மேல், ஆனால் நைட்ரஜனைவிட இரண்டு மடங்குதான் வேகம்.

பாலிசல்ஃபோனின் முதுகெலும்பு பென்சீன் வளையங்களால் ஆனது, விறைப்பானது. 180 டிகிரியைத் தாண்டினால்தான் இளகும். ஆக்சிஜனின் விட்டம் 3.46 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜனுடையது 3.64. இந்த 0.18 வித்தியாசத்தை விறைத்த சங்கிலிதான் கண்டுபிடிக்கும். அங்கே ஊடுதிறன் வெறும் 1.4 பேரர், ஆனால் தேர்வுத்திறன், அதாவது ஒரு வாயு மற்றதைவிட எத்தனை மடங்கு வேகமாகப் போகிறது என்பது, ஐந்தரைக்கு மேல்.

கேள்வி: சங்கிலியை விறைப்பாக்கினாலே போதுமா?

போதாது. எல்லாரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். விறைத்த சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொண்டால் வாயுவுக்கு வழியே இருக்காது. விறைப்பும் வேண்டும், நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாத வடிவமும் வேண்டும்.

நான் பாடம் எடுக்கும்போது எப்போதும் காட்டும் உதாரணம் பாலிசல்ஃபோன் குடும்பம். சாதாரண பாலிசல்ஃபோனில் கார்பன் டை ஆக்சைடுக்கு 5.6 பேரர், மீத்தேனோடு ஒப்பிட்டால் தேர்வுத்திறன் 22. சங்கிலியில் பிஸ்ஃபீனால் எனப்படும் பகுதியின் இரண்டு பென்சீன் வளையங்களிலும் சமச்சீராக, மொத்தம் நான்கு மெத்தில் தொகுதிகளை வைத்தால் ஊடுதிறன் 21 பேரராக ஏறுகிறது, தேர்வுத்திறனோ அதே 22. மெத்தில்கள் வளையம் சுழல்வதைத் தடுக்கின்றன, பக்கத்துச் சங்கிலியையும் தள்ளி நிறுத்துகின்றன.

வளையத்துக்கு ஒன்றாக இரண்டே மெத்தில் வைத்துப் பாருங்கள். ஊடுதிறன் 2.1-க்கு விழுந்து தேர்வுத்திறன் 30-க்குப் போகிறது! சமச்சீர் இல்லாத அந்த மெத்தில் சங்கிலிகளை விலக்குவதில்லை, இருந்த காலி இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதே தொகுதிதான், எண்ணிக்கையும் இடமும் மாறியதும் விளைவு தலைகீழ். பாலிமர் வேதியியலில் இதைவிட அழகான பாடம் எனக்குத் தெரியாது.

கேள்வி: 5 பேரர், 20 பேரர் எல்லாம் தொழிற்சாலைக்குக் கட்டுப்படியாகுமா?

50 மைக்ரான் படலமாக இருந்தால் ஆகாது. வாயுவைப் பிரிக்கும் மேலடுக்கின் (அதைத் தோல் என்போம்) தடிமனை 0.1 மைக்ரானுக்குக் கொண்டுவந்தால் அதே பாலிமரில் 500 மடங்கு வாயு போகும். மேலே மெல்லிய தோல், கீழே நுண்துளைத் தாங்கி என்ற இந்த அமைப்பைக் கடல்நீரிலிருந்து உப்பை நீக்குவதற்காக லோபும் சௌரிராஜனும் உருவாக்கினார்கள். மொன்சான்டோ நிறுவனம் அதைப் பாலிசல்ஃபோன் உள்ளீடற்ற இழைகளுக்குக் கொண்டுவந்து, தோலில் மிஞ்சிய ஊசித்துளைகளைச் சிலிகோன் பூச்சால் அடைத்தது. 1980 வாக்கில் அம்மோனியா ஆலைகளில் ஹைட்ரஜனை மீட்கும் வேலைக்கு அது வந்துவிட்டது.

கேள்வி: ராப்சன் எல்லைக் கோட்டைத் தாண்டவே முடியாதா?

ஊடுதிறன் கூடினால் தேர்வுத்திறன் குறையும், அந்த இரண்டும் சேர்ந்து எட்டக்கூடிய எல்லையைக் காட்டுவதுதான் அந்தக் கோடு. 1991-ல் ராப்சன் வரைந்தது அன்றைய தரவுகளுக்கு மேல் வரைந்தது. 2008-ல் அவரே மேலே நகர்த்தினார். அந்த நகர்வில் 2004-ல் மான்செஸ்டரில் பட்டும் மெக்கியோனும் கொண்டுவந்த பிம்-1 (PIM-1) என்ற பாலிமரின் வகைக்கும் பங்குண்டு. அதன் சங்கிலி ஏணிபோல இரண்டு வரிசைப் பிணைப்புகளால் ஆனதால் சுழலாது, நடுவே வளைந்து திரும்புவதால் நெருங்கி அடுக்கிக்கொள்ளாது.

கேள்வி: எரிவாயுக் கிணற்றில் மீத்தேனிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு அழுத்தம் கூடக்கூடத் தேர்வுத்திறனை இழக்கிறதே?

கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்து பாலிமரை இளக்கிவிடுகிறது. இளகியதும் மீத்தேனும் சேர்ந்து நுழையும். தனி வாயுக்களை வைத்து எடுத்த தேர்வுத்திறனை நம்பி ஆலை வடிவமைக்காதீர்கள், கலவை வாயுவில், வேலை செய்யும் அழுத்தத்தில் அளந்து பாருங்கள். பாலிஇமைடுகளில் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து இதைக் கட்டுப்படுத்துகிறார்கள்.

கேள்வி: என் பிம்-1 படலம் போன மாதம் கொடுத்த எண்ணை இப்போது கொடுக்கவில்லை. தயாரிப்பில் தவறா, அண்ணா?

தவறாக இருக்க வேண்டியதில்லை, தம்பி. சங்கிலிகள் மெல்ல நெருங்கி, காலி இடம் குறைகிறது. மெத்தனாலில் ஊறவைத்து உலர்த்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வரும். மெல்லிய படலம் இன்னும் வேகமாக மூப்படையும். அதனால் ஊடுதிறனோடு படலத்தின் தடிமனையும், மெத்தனால் சிகிச்சைக்குப் பிறகு எத்தனையாவது நாள் அளந்தது என்பதையும் சேர்த்தே குறித்து வையுங்கள்.