நான்காவது சக்கரம் வரை தாங்குமா? பேட்டரி இன்ஃப்ளேட்டரை மலையில் சோதிக்கும் முறை

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். 255/65 ஆர்18 அளவு டயர் கொண்ட மஹிந்திரா தார் ஜீப்பில் தோட்டத்து மண்பாதையில் போய் வருகிறேன். மழைக்காலச் சேற்றில் பிடிமானம் கிடைக்க டயர்க் காற்றை 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வரை இறக்கிவிட்டு, சாலைக்குத் திரும்பும்போது 32க்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, பேட்டரியில் ஓடும், டயருக்குக் காற்றடிக்கும் கையடக்க இன்ஃப்ளேட்டர் ஒன்றை வாங்கினேன். பெட்டியில் 150 பிஎஸ்ஐ என்றும், கார் டயரைச் சில நிமிடங்களில் நிரப்பும் என்றும் போட்டிருக்கிறது. கருவியின் அடியில் 7.4 வோல்ட், 2500 எம்ஏஎச் என்று உள்ளது. எனக்கோ முதல் சக்கரத்துக்கே பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மூன்றாவது சக்கரம் பாதி ஏறும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. மேட்டுப்பாளையம் பங்க்கில் 32 வைத்துக்கொண்டு வந்த டயரை மறுநாள் காலையில் இது 31 என்று காட்டுகிறது. திருப்பி அனுப்ப இன்னும் ஐந்து நாள் அவகாசம் இருக்கிறது. கருவி பழுதா? எப்படிச் சோதித்துத் தெரிந்துகொள்வது?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், கருவி பழுதாகியிருப்பதற்கான அடையாளம் எதுவும் தெரியவில்லை, நீங்கள் கொடுத்த வேலைக்கு அது சிறியது என்பதுதான் தெரிகிறது. ஆனாலும் கைவசம் ஐந்து நாள் இருப்பதால், சோதித்துப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்களை மறந்துவிட்டு, உங்கள் டயரில், உங்கள் ஊர் உயரத்தில், உங்கள் ஊர்க் குளிரில், நான்காவது சக்கரம் வரை அது என்ன செய்கிறது என்று பார்ப்பதே சரியான சோதனை.

முதலில் அந்த 31ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் பலர் நல்ல கருவியைத் திருப்பி அனுப்புகிறார்கள், சிலர் கெட்ட கருவியை நம்பி வைத்துக்கொள்கிறார்கள். எந்த கேஜும் (அழுத்தமானியும்) டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தத்தைக் காட்டுவதில்லை. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே காட்டுகிறது. கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐயாக இருக்கும் காற்றழுத்தம், சுமார் 325 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் 14.1, ஏறத்தாழ 1,800 மீட்டரில் உள்ள கோத்தகிரியில் 11.8, 2,240 மீட்டரில் உள்ள உதகையில் 11.2 என்று குறைந்துகொண்டே போகிறது. மேட்டுப்பாளையத்தில் 32 வைத்த டயருக்குள் உண்மையில் இருப்பது 46.1 பிஎஸ்ஐ. குளிரே இல்லாமல் அதை அப்படியே கோத்தகிரிக்குத் தூக்கி வந்தால் கேஜ் 34க்கு மேல் காட்டும். ஆனால் கீழே 34 டிகிரி வெப்பத்தில் இருந்த டயர் மறுநாள் காலை 12 டிகிரிக்கு இறங்கும்போது உள்ளிருக்கும் அழுத்தமும் சுருங்கி 42.8 ஆகிவிடுகிறது; அதிலிருந்து 11.8ஐக் கழித்தால் மிஞ்சுவது 31. ஆகவே பங்க்காரரும் உங்கள் கருவியும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டி பெரும்பாலும் ஓடும் உயரத்தில் வைத்தால் போதும். மலையில் இருக்கிறோம் என்பதற்காகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை.

அதே உயரம்தான் நேரத்தையும் கூட்டுகிறது. மெலிந்த காற்றை உள்ளிழுக்கும் பம்பு ஒவ்வொரு அடிக்கும் குறைவான காற்றையே டயருக்குள் தள்ளுகிறது. 18லிருந்து 32க்கு ஏற்றுவதற்கு, சமவெளியில் டயரின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்று போதும். கோத்தகிரியில் அதைவிட ஐந்தில் ஒரு பங்கும், உதகையில் நான்கில் ஒரு பங்கும் கூடுதலாக உறிஞ்ச வேண்டும். இதனுடன் டயர் அளவையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டியில் ‘கார் டயர்’ என்று போடுபவர்கள் மனத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் முப்பது லிட்டருக்கும் குறைவான காற்றுப் பிடிக்கும் சிறிய காரின் டயரை. அதிலும் சில பிஎஸ்ஐ மட்டும் குறைந்திருப்பதை நிரப்புவதை. உங்கள் டயர் தோராயமாக 60 லிட்டர் பிடிக்கும். 150 பிஎஸ்ஐ என்பது சைக்கிள் டயருக்குப் பயன்படும் எண்ணே தவிர, ஜீப்புக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. பார்க்க வேண்டியது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைத்தான். அதையும் பல நிறுவனங்கள் எதிர் அழுத்தமே இல்லாமல் திறந்த குழாயில் அளந்து சொல்வதால், டயரில் கிடைப்பது அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பேட்டரிக் கணக்கு இன்னும் தெளிவானது. 2500 எம்ஏஎச் என்பது 2.5 ஆம்பியர்-மணி. 7.4 வோல்ட்டை அந்த 2.5ஆல் பெருக்கினால் 18.5 வாட்-மணி, கருவிக்குள் இருக்கும் மொத்தச் சக்தி அவ்வளவுதான். உங்கள் டயர் ஒன்றை 18லிருந்து 32க்குக் கோத்தகிரியில் ஏற்றக் காற்றின் மீது செய்ய வேண்டிய வேலை இரண்டு வாட்-மணிக்குச் சற்றுக் குறைவு. இவ்வகைச் சிறிய பம்புகளில் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது; நான்கில் ஒரு பங்குதான் காற்றை அழுத்தப் பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சக்கரத்துக்கு ஏழு வாட்-மணிக்குக் கொஞ்சம் மேல் செலவாகும். 18.5இல் அது இரண்டரைச் சக்கரத்துக்கு வரும். உங்கள் கருவி நின்ற இடமும் அதுவேதான். நான்கு சக்கரத்துக்கும் ஏறத்தாழ 29 வாட்-மணி வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: சில பெட்டிகளில் உள்ளிருக்கும் மூன்று செல்களின் எம்ஏஎச்சைக் கூட்டி 7500 என்று பெரிதாகப் போடுவார்கள், செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட் என்பதால் அதுவும் 27.75 வாட்-மணிதான். எம்ஏஎச் எண்ணை மட்டும் வைத்து இரண்டு கருவிகளை ஒப்பிடாதீர்கள்.

இனி சோதனை. தனியாக ஒரு நல்ல டயல் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் செய்யும் எந்தச் சோதனையும் கருவி சொல்வதைக் கருவியிடமே கேட்டுச் சரிபார்ப்பதாகத்தான் முடியும். இரவு முழுவதும் சமதரையில் நின்ற வண்டியில், வெயில் படுவதற்கு முன் தொடங்குங்கள். கருவியை முழுவதும் சார்ஜ் செய்து, அன்றிரவு வீட்டுக்குள் வைக்காமல் வண்டியிலேயே விட்டுவிடுங்கள், ஏனென்றால் உண்மையில் தேவைப்படும்போது அது அங்கேதான் இருக்கப்போகிறது. லித்தியம் பேட்டரி குளிரில் விரைத்துப்போய், வைத்திருக்கும் சக்தியை முழுவதும் கொடுக்காது. உதகையில் உறைபனி விழுந்த ஒரு ஜனவரி விடியலில், முந்தைய நாள் மாலை முழுக் கோடுகளும் காட்டிய கருவி ஒன்று பொத்தானை அழுத்திய சிறிது நேரத்திலேயே ஒற்றைக் கோட்டுக்கு இறங்கியதை நான் பார்த்தேன். அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் வேலை நடந்தது.

முதலில் கேஜ் துல்லியம். ஒரு டயரை 32, 25, 18 என்று மூன்று அளவுகளில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் டயல் கேஜையும் கருவியையும் மாறிமாறி இரண்டு முறை வைத்துப் படியுங்கள். பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் டயருக்குள் இருப்பதைவிட அதிகம் என்பதால், நிறுத்திச் சில நொடி கழித்துப் படிப்பதே சரி. மூன்று அளவிலும் ஒரே மாதிரி ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டினால் அந்தக் கருவியுடன் குடித்தனம் நடத்தலாம், கழித்துக்கொண்டால் போதும். ஒரே டயரை இரண்டு முறை படிக்கும்போது இரண்டு வெவ்வேறு எண்கள் வந்தால், அல்லது 18இல் சரியாகவும் 32இல் மூன்று நான்கு தள்ளியும் காட்டினால், அந்தக் கருவியை அன்றே திருப்பி அனுப்புங்கள். தானாக நிற்கும் வசதியையும் அப்போதே பார்த்துவிடலாம்: 32 வைத்து நின்ற பிறகு டயல் கேஜில் 30 வந்தால், அது குழாய் அழுத்தத்தைப் பார்த்து அவசரமாக நின்றுவிடுகிறது என்று பொருள்.

அடுத்தது இணைப்பு. வால்வில் திருகி, 32இல் நிறுத்தி, இணைப்பைச் சுற்றிச் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி வந்தால் பம்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நேரமும் பேட்டரியும் வீணாகும். வால்வு மேல்பக்கம் நிற்கும்போதும் குழாய் எட்டுகிறதா என்று பாருங்கள். உங்கள் சக்கர உயரத்துக்கு, குட்டைக் குழாய் உள்ள கருவி அந்தரத்தில் தொங்கியபடி அதிர்ந்து வால்வைப் பாழாக்கும்.

பிறகு முக்கியமான சோதனை. நான்கு சக்கரத்தையும் 18க்கு இறக்குங்கள். கைப்பேசியில் நேரம் பார்த்து, முதல் சக்கரத்தில் 18லிருந்து 25 வரைக்கும், 25லிருந்து 32 வரைக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பின்பாதி சற்றுக் கூடுதல் நேரம் எடுப்பது இயல்பு. இரண்டு மடங்குக்கு மேல் போனால் பிஸ்டனின் அடைப்பு காற்றைப் பின்னுக்கு விடுகிறது என்று சந்தேகிக்கலாம். எத்தனை நிமிடம் ஓட்டி எத்தனை நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். அதைத் தவறாமல் கடைப்பிடியுங்கள், ஏனென்றால் அந்த ஓய்வும் சேர்ந்ததுதான் உங்கள் உண்மையான நேரம். காற்றை ஏறத்தாழ நான்கு மடங்கு அழுத்தும்போது சிலிண்டருக்குள் அது 150 டிகிரியைத் தொடும் அளவுக்குச் சூடாகக்கூடும். ஆகவே குழாயின் உலோக முனையைத் துணி இல்லாமல் பிடிக்காதீர்கள். சூட்டினால் கருவி தானாக நின்றால் அதைப் பழுதாக எண்ண வேண்டாம். நிற்காமல் கருகல் வாடையுடன் ஓடும் கருவியைத்தான் வைத்திருக்கக் கூடாது. இப்படியே சக்கரத்துக்குச் சக்கரம் எழுதிக்கொண்டு போங்கள். முதல் சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, இரண்டரையில் பேட்டரி தீர்ந்தால், கருவி தன் அளவுக்குச் சரியாகவே வேலை செய்கிறது. ஒன்றிலேயே தீர்ந்தால் செல் பழுது.

இந்த நேரக்கணக்கில் நான் இவ்வளவு பிடிவாதம் காட்டுவதற்குக் காரணம் உண்டு. தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நடமாடும் உங்கள் ஊரில், இருட்டும் நேரத்தில் முக்கால் மணி நேரம் சக்கரத்தருகே குனிந்து, காதைத் துளைக்கும் பம்பு ஓசைக்கு நடுவே உட்கார்ந்திருப்பது ஆபத்து. பொறுமை இழந்து, 18இல் உள்ள டயருடன் கொண்டை ஊசி வளைவுகளில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து: டயரின் பக்கச்சுவர் மடங்கிச் சூடேறும், வளைவில் திரும்பும்போது டயர் விளிம்பிலிருந்து கழன்றுகொள்ளவும் கூடும்.

ஆகவே, கருவி சோதனையில் தேறி, அதையே வைத்துக்கொள்வதாக இருந்தால், ஏற்ற முடிந்த அளவுக்கு மட்டும் இறக்குங்கள். 24க்கு இறக்கினால் நான்கு சக்கரத்தையும் ஏற்ற ஏறத்தாழ 18 வாட்-மணி ஆகும். உங்கள் பேட்டரி விளிம்பில் நிற்கும். 26 என்றால் 14க்குள் முடிந்துவிடும். குளிருக்கும் பேட்டரியின் வயதுக்கும் கொஞ்சம் இருப்பு மிஞ்சும். தோட்டத்துச் செம்மண் பாதைக்கு 26லேயே வித்தியாசம் தெரியும் என்பது என் அனுபவம். ஏற்றும்போது ஒரு சக்கரத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், நான்கையும் 29க்குக் கொண்டுவந்த பிறகு மறுசுற்றில் 32 ஆக்குங்கள். மோட்டாருக்கு இடையிடையே ஓய்வு கிடைக்கும். பேட்டரி நடுவில் தீர்ந்தாலும் ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு இருக்காது. கருவியைச் சேற்றில் வைக்காமல் சாக்கின் மேல் வையுங்கள், காற்றை உறிஞ்சும் துளைகள் மண்ணால் அடைபட்டால் அதோடு முடிந்தது. உறைபனி நாட்களில் கருவியை அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு சார்ஜ் செய்யுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது லித்தியம் செல்லை உள்ளுக்குள்ளேயே கெடுத்துவிடும்.

தினமும் 18க்கு இறக்கித்தான் ஆக வேண்டிய பாதை என்றால், எந்தக் கையடக்கக் கருவியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டி பேட்டரியில் நேரடியாகக் கவ்விகளை மாட்டி ஓட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸரை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வகை வேண்டாம். அந்தத் துளையின் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர் வரைதான் தாங்கும் என்பதால், அதில் ஓடும் கம்ப்ரஸரும் சிறியதாகவே இருந்தாக வேண்டும். கவ்வி வகையை எஞ்சினை ஓடவிட்டபடி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகு இயக்குங்கள். அதையும் வாங்கிய மறுநாள் காலையில் இதே முறையில், நான்காவது சக்கரம் வரை நேரம் பார்த்துவிடுங்கள்.