முற்றிய புற்றுநோய்: ஆபத்தான சிகிச்சைக்குச் சம்மதிப்பதா?

புற்றுநோய்ப் பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு நான்காம் நிலை. புது மருந்து இறப்பு அபாயத்தை 30 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். குணமாக 30 சதவீத வாய்ப்பு என்று அர்த்தமா?

பதில்: இல்லைங்க. இரண்டு குழுக்களை ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. குணமாவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "மருந்து எடுத்தவர்களில் பாதிப் பேர் எத்தனை மாதம் தாண்டினார்கள்? எடுக்காதவர்களில்?" அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நீங்கள் எடைபோட வேண்டியது. சில நேரம் அது வருடக்கணக்கு, சில நேரம் சில வாரங்கள்தான். அதேசமயம், பாதிப் பேர் அந்த எண்ணைத் தாண்டியும் வாழ்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் மீசோதீலியோமா என்ற அரிய வகைப் புற்றுநோய் வந்தபோது அவர் படித்த எண் 8 மாதம். அவர் 20 வருடம் வாழ்ந்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனால் அமைந்திருக்கிறது.

கேள்வி: முதல் கட்ட மருந்து ஆய்வில் சேரலாமா?

பதில்: எவ்வளவு மருந்தை உடம்பு தாங்கும் என்று கண்டுபிடிப்பதுதான் அந்தக் கட்டத்தின் முதல் நோக்கம். சிலருக்குக் கட்டி சுருங்குகிறது, உண்மைதான். அதை மட்டும் நம்பிச் சேராதீர்கள். எத்தனை முறை ஊசி, ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) என்று முன்பே கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

கேள்வி: இம்யூனோதெரபியில் கீமோ அளவுக்குக் கஷ்டம் இல்லையாமே?

பதில்: பலருக்கு அப்படித்தான். புற்றுநோயைத் தாக்க உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை இது. ஆனால் அப்படித் தூண்டப்பட்ட எதிர்ப்பு சக்தி குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு என்று சொந்த உறுப்புகளையே தாக்கலாம். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் வரலாம். வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் அன்றே கூப்பிடுங்கள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். வேறு மருத்துவரிடம் போனாலும் இந்தச் சிகிச்சை எடுத்ததைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பாலியேட்டிவ் பிரிவுக்கு (வலியையும் அவதியையும் குறைக்கும் பிரிவு) அனுப்பினால் கைவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் கவனிப்பும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. கீமோ நடக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அம்மா "போதும்" என்கிறார். எங்களுக்கு மனம் வரவில்லை.

பதில்: எது போதும் என்று கேட்டீர்களா? சிலருக்கு அது வாந்தி, சிலருக்கு அடங்காத வலி. முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அப்புறம் மறுபடி கேளுங்கள். பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே இருக்கிறார் என்றால் கீமோவால் கெடுதலே அதிகமாகலாம், அதையும் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அவரே தயங்கினால் இரண்டு சுற்று மட்டும் கொடுத்து, ஸ்கேன் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைக்கலாம். வலி அடங்கிய பிறகும் போதும் என்றே சொன்னால், கையெழுத்துக்காக அவரை வற்புறுத்தாதீர்கள்.