களம் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தை காலமாகி வருகிற தை மாதத்தோடு ஓராண்டு நிறைவடைகிறது. அன்று வருவோருக்குக் கொடுப்பதற்காகச் சிறிய நினைவு மலர் ஒன்றை அச்சிட எண்ணியிருக்கிறோம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘தொழிலதிபர், விளையாட்டு ஆர்வலர், பாசமிகு குடும்பத் தலைவர்’ என்று போட்டிருந்தார்கள். அந்த மூன்று தலைப்புகளிலும் தனித்தனியே எழுத உட்கார்ந்தேன், மூன்றாவதில் நின்றுவிட்டேன். அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பகலெல்லாம் அரிசி ஆலை, மாலையானால் பூப்பந்து. இதை எழுதலாமா, விட்டுவிடலாமா? சிறு வயதில் நீங்கள் அவரோடு ஆடியவர் என்பதால் கேட்கிறேன்.

வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்து இன்றுதான் பதில் எழுதுகிறேன். அண்ணனைப் பற்றி அவசரமாக எதையும் எழுதிவிடக் கூடாது என்று தோன்றியது.

உன் இடர்ப்பாடு அந்த மூன்று தலைப்புகளால் வந்தது என்று நினைக்கிறேன். சுவரொட்டி அடிப்பவருக்கு அவை தேவை, உனக்குத் தேவையில்லை. நான் அறிந்தவரை உன் தந்தையின் தொழிலும் ஆட்டமும் குடும்பமும் ஒரே இடத்தில்தான் இருந்தன. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, பாமணியாற்றுக்குப் பக்கத்தில் இருந்த உங்கள் ஆலையின் சிமெண்டுக் களம்தான் அந்த இடம். நெல் காயும் இடத்தையும் ஆட்டம் நடக்கும் இடத்தையும் நம் மொழி ஒரே சொல்லால் குறிக்கிறது. அவருக்கு அது வெறும் சொல் ஒற்றுமையாக இருக்கவில்லை.

1978-இல் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். தொட்டியில் ஊறி, ஆவியில் அவிந்து வந்த நெல்லைக் காலையில் களத்தில் பரப்பி, பெண்கள் காலால் கோதிக் கோதித் திருப்பிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அண்ணன் வரிசை வரிசையாக நடந்து, ஓர் இடத்தில் குனிந்து நான்கு மணிகளை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். சரியான பதத்தில் மணி ‘டக்’கென்று முறிய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஈரம், அதிகம் காய்ந்துவிட்டால் அரைக்கும்போது குருணையாகிவிடும். அவித்த நெல் 100 கிலோவுக்கு 68 கிலோ அரிசி என்பது அரசு அரவைக்கு வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கு ஆலைக்குள் இருக்கும் இயந்திரத்தில் தீர்மானமாவதில்லை, வெயிலில் நிற்பவன் பல்லில் தீர்மானமாகிறது என்று எங்களிடம் சொல்வார்.

நாலரை மணிக்குள், பனி இறங்குவதற்கு முன்பாக, நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு களத்தின் வடபாதி எங்களுடையது. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமுமாகச் சுண்ணாம்பில் கோடு இழுத்திருக்கும். ஆனால் உடனே ஆடத் தொடங்கிவிட முடியாது. சிமெண்டின் மேல் சிதறிக் கிடக்கும் நெல்மணி காலை வாரிவிடும். எனவே முதலில் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டும் வேலையை முதலாளியான அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தென்னந்துடைப்பத்தால் வலையின் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரை கூட்டி முடிப்பார். சேர்ந்த நெல்லை அன்று களத்தில் நின்ற பெண்களுக்குச் சொளகில் அள்ளிக் கொடுத்துவிடுவார். நெல்லைக் கூட்டி முடித்த கையால்தான் மட்டையை எடுப்பார்.

பூப்பந்து நம் மண்ணின் ஆட்டம் என்பதில் அவருக்கு இருந்த பெருமிதத்தை மலரில் நீ கட்டாயம் எழுத வேண்டும். 1856 வாக்கிலேயே தஞ்சை அரச குடும்பத்தினர் இதை ஆடினார்கள் என்று சொல்லப்படுவதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆந்திரத்தின் ஜே. பிச்சையா இந்த ஆட்டத்துக்காக 1970-இல் அர்ஜுனா விருது பெற்றதைத் தன் வீட்டுச் செய்திபோலச் சொல்வார். முப்பது கிராமுக்குள் எடையுள்ள அந்த மஞ்சள் கம்பளிப் பந்து, மார்கழிப் பனியில் ஈரம் வாங்கினால் கனத்துவிடும். அதனால் பந்துகளைக் கொதிகலன் அறையின் மாடத்தில் உமிச்சூட்டில் வைத்திருப்பார். ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் அவர் நடுவில் நிற்பார். முன்னால் இருவர், பின்னால் இருவர். யார் தவறவிட்டாலும் அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மூட்டை தூக்குபவரும் பள்ளி ஆசிரியரும் நெல் வியாபாரியின் மகனும் ஒரே அணியில் நின்ற களம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்போது வேறு இல்லை. அவர் செய்தவற்றுள் பெரியது இதுதான் என்பது என் கருத்து.

தொழிலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை, குறுவைப் பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. குறுவை நெல் வரத்துக் குறைந்து ஆலை பல நாள் நின்றது. அந்த ஆண்டுகளிலும் அவர் பொங்கல் போட்டியை நிறுத்தவில்லை. கோப்பை வாங்கக் காசில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, வென்ற அணிக்கு ஆளுக்கு ஒரு சிப்பம் அரிசி கொடுத்தார். 2020-இல் அணை உரிய நாளில் திறந்த அன்று என்னைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, இந்தத் தடவை குறுவை உண்டு” என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

இனி உன் மூன்றாவது தலைப்பு. அவர் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பது உண்மை. உன் தாயார் இரவில் சோற்றை மூடி வைத்துக் காத்திருந்ததும் உண்மை. அந்தக் காத்திருப்பின் மேல்தான் எங்கள் மாலை நேரங்கள் நடந்தன என்பதை இந்த வயதில்தான் உணர்கிறேன். அதை மறைக்காதே, எழுது. அத்துடன், உனக்கு நினைவிருக்க வாய்ப்பில்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள். உனக்கு நான்கு வயது இருக்கும். அந்தியில் காபித் தூக்கோடு ஆயா வரும்போது அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நீயும் வருவாய். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி நீ உள்ளே கால் வைத்த கணத்தில், புள்ளி எந்த நிலையில் இருந்தாலும், அண்ணன் மட்டையைத் தாழ்த்திவிடுவார். தார்ப்பாய் போட்ட நெற்குவியலின் ஓரத்தில் உன்னை உட்கார வைத்து, முதல் தம்ளரை ஆற்றி உனக்குக் கொடுத்து, நீ குடித்து முடிக்கும்வரை எதிரில் குந்தியிருப்பார். உள்ளே அவித்த நெல்லின் சூடு அடங்காமல் இருக்கும். நீ அதில் சாய்ந்துகொள்வாய். ஒன்பது பேரும் வலைக்கு இருபுறமும் பேசாமல் நிற்போம். ஒருவரும் ‘ஆடலாமா’ என்று கேட்டதில்லை.

அந்தக் களத்தில் நெல் திருப்பிய பெண்களில் ஓரிருவர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேள். எனக்குத் தெரியாதவை அவர்களுக்குத் தெரியும். தையில் சம்பா அறுவடை நெருக்கடி இருக்கும் என்பதால் நான் முதல் நாளே வந்துவிடுகிறேன். தென்னந்துடைப்பம் ஒன்று எடுத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் சித்தப்பா முறையில் ஒருவன்