ஸ்டேஷன்ல கேட்டா கோர்ட்டுங்கறாங்க, கோர்ட்ல கேட்டா ஸ்டேஷனுங்கறாங்க: வாசகர் கேள்விகளுக்கு ஒரு வக்கீலோட பதில்கள்

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், "யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல சார்". போலீஸ், ஜி.எச்., ஏ.பி.பி. (அரசு உதவி வக்கீல்), கோர்ட், ஜெயில்னு அஞ்சு ஆபீஸ், அஞ்சும் வேற வேற துறை, ஒருத்தர் வேலைய முடிச்சு பேப்பர் அனுப்புனாத்தான் அடுத்தவர் அசைவாரு. அதனால எங்கிட்ட வர்ற கட்சிக்காரங்ககிட்ட நான் மொதல்ல கேக்கறது, பேப்பர் இப்ப எந்த டேபிள்ல இருக்கு?

புகார் குடுத்து மூணு மாசம் ஆச்சு, சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் குடுத்தாங்க. கேஸ் நடக்குதுன்னு அர்த்தமா?

இல்லீங்க. சி.எஸ்.ஆர். புகார் வாங்குனதுக்கான வெறும் ரசீது, அதை வச்சு கோர்ட்டுக்கு எதுவும் போகாது, எஃப்.ஐ.ஆர். போட்டாத்தான் அதோட காப்பி மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். 2024 ஜூலை 1-லருந்து வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (பி.என்.எஸ்.எஸ்.) மூணு வருஷத்துலருந்து ஏழு வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாளுக்குள்ள பூர்வாங்க விசாரணை பண்ணிக்கலாம், அவ்ளோதான் அவகாசம், மூணு மாசம் எல்லாம் கிடையாது. எஸ்.பி.க்கு பதிவுத் தபால்ல புகார் அனுப்புங்க, ரசீதை பத்திரமா வச்சுக்கங்க. அதுக்கும் அசையலைன்னா பிரமாணப் பத்திரத்தோட மாஜிஸ்திரேட்கிட்ட, போலீஸை விசாரிக்கச் சொல்லுங்கன்னு அதே சட்டத்து 175(3) பிரிவுல மனு. எஸ்.பி.க்குப் போகாம நேரா கோர்ட்டுக்கு வந்தா மனு நிக்காது, நிறைய பேர் இங்கதான் சறுக்குறாங்க. ஆனா ஒண்ணு, கைமாத்து குடுத்த பணம் வரலைங்கற புகாரா இருந்தா அது பெரும்பாலும் சிவில், இன்ஸ்பெக்டரை திட்டி பிரயோஜனம் இல்ல.

"சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) போட்டாச்சு"ன்னு ஏட்டு சொல்றாரு, கோர்ட்ல போய் கேட்டா வரவே இல்லைங்கறாங்க. யாரு பொய் சொல்றா?

ரெண்டு பேரும் சொல்றது நெசமாவே இருக்கலாம்! ஸ்டேஷன்ல ரைட்டர் டைப் பண்ணி இன்ஸ்பெக்டர் கையெழுத்து போட்டுட்டா அவங்க கணக்குல வேலை முடிஞ்சுது. ஆனா அடிதடி கேஸ்னா ஜி.எச்.லருந்து காயச் சான்றிதழ் வரணும், போதைப்பொருளோ ரத்தமோ இருந்தா தடய அறிவியல் லேப் ரிப்போர்ட் வரணும், இதெல்லாம் சேர்ந்து கோர்ட் கான்ஸ்டபிள் கைல கோர்ட்டுக்குப் போகும், அங்க ஆபீஸ்ல ஒவ்வொரு பக்கமா புரட்டி பார்த்து சாட்சி பட்டியல் சரியில்ல, இந்த சான்றிதழ் இல்லன்னு குறை எழுதி திருப்பி அனுப்புவாங்க. திரும்பி வந்த கட்டு ஸ்டேஷன்ல பீரோ மேல உக்காந்துரும், அதுக்குள்ள ஐ.ஓ. (விசாரணை அதிகாரி) டிரான்ஸ்ஃபர், புதுசா வந்தவருக்கு அப்படி ஒரு கட்டு இருக்கறதே தெரியாது. கோர்ட் அதை ஃபைலுக்கு எடுத்து சி.சி. நம்பர் (கோர்ட் வழக்கு எண்) போட்டாத்தான் அது கேஸ், அதுவரைக்கும் உங்ககிட்ட இருக்கறது ஸ்டேஷன் க்ரைம் நம்பர் மட்டும்தான்.

இன்னொண்ணும் கவனிச்சிருக்கேன். குற்றம் சாட்டப்பட்டவர் ஜெயில்ல இருந்தா 60 நாள், பெரிய கேஸ்னா 90 நாள், அதுக்குள்ள சார்ஜ் ஷீட் போகலைன்னா அவர் உரிமையா ஜாமீன் கேட்டு வெளிய வந்துடலாம், அதனால போலீஸ் ஓட்டமா ஓடுவாங்க. ஆள் வெளிய இருந்தா அந்த ஓட்டம் இல்ல. சின்ன குற்றத்துக்கு காலக்கெடு வேற இருக்கு, மூணு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்தை மூணு வருஷம் தாண்டி கோர்ட் எடுக்கறது கஷ்டம். ஈ-கோர்ட்ஸ் தளத்துல எஃப்.ஐ.ஆர். நம்பர் போட்டு தேடலாம், அங்க வரலைன்னா ஐ.ஓ.வப் பார்த்து "ரிட்டர்ன் ஆச்சா, எந்த தேதி"ன்னு குறிப்பா கேளுங்க, "கேஸ் என்னாச்சு"ன்னு பொதுவா கேட்டா "நடக்குது"ன்னுதான் பதில் வரும். எஃப்.ஐ.ஆர். போட்ட 90 நாளுக்குள்ள விசாரணை எந்த நிலைல இருக்குன்னு புகார்தாரருக்கு சொல்லணும்னு புது சட்டத்துலயே இருக்கு.

ஏ.பி.பி. போலீஸ் பக்கத்து வக்கீல்தானே?

அரசாங்கத்துப் பக்கத்து வக்கீல். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு முன்னாடி நிறைய இடத்துல போலீஸ்காரங்களே வழக்கு நடத்துனாங்க, அப்புறம்தான் பிரிச்சாங்க. இப்ப அவர் எஸ்.பி.க்கு கீழ இல்ல. உங்க கேஸ்ல ஏதாவது விட்டுப்போயிருந்தா அவர்கிட்ட தாராளமா சொல்லலாம், நிறைய பேர் பயந்துக்கிட்டு வராண்டாவுலயே நிப்பாங்க.

தம்பிக்கு வெள்ளிக்கிழமை ஜாமீன் கிடைச்சுது, திங்கட்கிழமை வரைக்கும் விடல. நியாயமா?

ஜாமீன் ஆர்டர் வேற, ரிலீஸ் ஆர்டர் வேற. ஷூரிட்டி (ஜாமீன்தாரர்) ரெண்டு பேர் ஆதாரம், சொத்து வரி ரசீது அது இதுன்னு கொண்டுவந்து மாஜிஸ்திரேட் முன்னாடி கையெழுத்து போட்டாத்தான் ஜெயிலுக்கு ஆர்டர் போகும், சாயங்காலம் ஜெயில்ல கைதிகளை அடைக்கற நேரம் தாண்டிட்டா அன்னைக்கு விடமாட்டாங்க, சனி ஞாயிறு கேக்கவே வேணாம். ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே ஷூரிட்டிய தயார் பண்ணி வைங்க. ஜாமீன் கிடைச்சு ஏழு நாளாகியும் ஆள் உள்ளயே இருந்தா ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு தெரியப்படுத்தணும்னு 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. காவல்ல இருக்கறவங்க யாரா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, வருமான சான்றிதழ் தேவையில்ல, 15100-க்கு போன் போடுங்க.

ஸ்டேஷன்ல அடிச்சா ஜெயிலுக்கு போறதுக்குள்ள யாருமே பார்க்க மாட்டாங்களா?

பார்க்கணும். கைது பண்ண உடனே டாக்டர், 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட், அப்புறம் ஜெயில்ல சேர்க்கும்போது உடம்புல என்ன காயம்னு பதிவு. மூணு வாசல், மூணுலயும் போலீஸ் இல்லாத ஒருத்தர் கண்ணு இருக்கணும்னுதான் இந்த ஏற்பாடே. 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் இந்த மூணு வாசலையும் தாண்டித்தான் கோவில்பட்டி கிளைச்சிறைக்கு போனாங்க, அரசு ஆஸ்பத்திரி சான்று இருந்துச்சு, ரிமாண்ட் (காவல்ல வைக்கற) ஆர்டரும் இருந்துச்சு, சில நாள்ல ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. பேப்பர் எல்லாம் ஒழுங்கா நகர்ந்துச்சு, ஆளை யாரும் பார்க்கல. ஹைகோர்ட் மதுரைக் கிளை தானா முன்வந்து எடுத்து, அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டுல வைக்கற அளவுக்கு போச்சு. அதனால ரிமாண்டுக்கு நிறுத்தறப்ப "ஏதாவது சொல்லணுமா"ன்னு மாஜிஸ்திரேட் கேட்டா, பக்கத்துல நிக்கற போலீஸைப் பார்த்து முழுங்காதீங்க, அங்கயே சட்டையை கழட்டி காட்டுங்க.

பைக் ஸ்டேஷன் வாசல்ல மழைல நனையுது, கேஸ் முடியற வரைக்கும் தரமாட்டாங்களாம்.

தரலாம். ஆனா இன்ஸ்பெக்டர்கிட்ட கெஞ்சாம கோர்ட்ல மனு போடுங்க. வண்டிகளை மாசக்கணக்குல ஸ்டேஷன்ல துருப்பிடிக்க விடாதீங்கன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஆர்.சி. புக் உங்க பேர்ல இருந்தா, போட்டோ எடுத்துட்டு, விக்க மாட்டேன், கூப்பிட்டா கொண்டுவர்றேன்னு பாண்ட் எழுதி வாங்கிட்டு பெரும்பாலும் குடுத்துடுவாங்க. போறப்ப பேட்டரி எல்லாம் இருக்கான்னு பார்த்து கையெழுத்து போடுங்க.