எண்டர்பிரைஸ் நடுவருடத்தில் செண்டிரியான் பெர்ஹாட் ஆனால் வருமான வரியை எப்படிக் காட்டுவது?

பல வருடமாக எண்டர்பிரைஸாக, அதாவது சொந்தப் பெயரில் பதிந்து நடத்திய கடையை இந்த வருடம் பாதியில் செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி ஆக்கிவிட்டேன், முழு வருட வருமானத்தையும் கம்பெனிக் கணக்கிலேயே காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூடாது. நான் கோலாலம்பூர் செந்தூலில் சின்ன அச்சகம் நடத்துகிறேன், இதே இடத்தில் மாட்டிக்கொண்டு மீண்டவள். கடை 'மாறுகிறது' என்று நாம் வாயால் சொல்கிறோமே தவிர, நடப்பது அதுவல்ல. புதுக் கம்பெனி ஒன்று பிறக்கிறது. பழைய கடை தன் சாமானையும் வியாபாரத்தையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு மூடுகிறது. வருமான வரி வாரியத்துக்கு நீங்கள் ஓர் ஆள், கம்பெனி இன்னோர் ஆள். வரி எண்ணும் வேறு, பாரமும் (படிவமும்) வேறு.

நான் ஜூலை 1-ல் மாறினேன். ஜூன் 30 வரை வந்த லாபம் என் பெயரில், வியாபாரம் செய்யும் தனி ஆளுக்கான பாரம் பி-யில் போனது. ஜூலையிலிருந்து கம்பெனி எனக்குக் கொடுத்த சம்பளமும் அதே பாரத்தில்தான். கம்பெனிக் கணக்கை டிசம்பர் 31-ல் முடித்தோம். அதிலிருந்து ஏழு மாதத்துக்குள் கம்பெனிக்கான பாரம் சி.

இதெல்லாம் சுலபம். சிக்கல் பில் புத்தகத்தில் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு கோயிலிலிருந்து திருவிழா நோட்டீசுக்கான காசோலை வந்தது, 4,200 வெள்ளி (ரிங்கிட்), பழைய கடைப் பெயரில். மே மாதம் அடித்துக் கொடுத்து, மே மாதமே பில் போட்ட வேலை. பணம் எப்போது வந்தாலும் அது எண்டர்பிரைஸ் வருமானம்தான். பழைய வங்கிக் கணக்கில் போட்டேன், அதில் தப்பில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. பழைய பில் புத்தகம் பாதி மீதி இருக்கிறதே என்று ஆகஸ்ட், செப்டம்பர் வேலைகளுக்கும் அதிலேயே கிழித்துக் கொடுத்தேன். அந்தப் பணமும் பழைய கணக்குக்கே போனது, அதிலிருந்து வீட்டுச் செலவுக்கும் எடுத்தேன்.

கணக்குப் பார்க்கும் தம்பி ஒரு சனிக்கிழமை பில்களைத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் வேலை கொடுத்த தேதியைத் தேடினார். "அக்கா, இதெல்லாம் கம்பெனிப் பணம். நீங்கள் எடுத்தது கம்பெனி உங்களுக்குக் கொடுத்த கடன்." கம்பெனி தன் சொந்தப் பணத்தை இயக்குநருக்குக் கடனாகக் கொடுத்தால், வட்டி வாங்காவிட்டாலும் வாங்கியதாக வைத்து வரி போடும் விதி 2014-லிருந்தே இருக்கிறது. எனக்கு அன்றுதான் தெரியும்.

இயந்திரம் பற்றிப் பயப்பட வேண்டாம். 60,000 வெள்ளி அச்சு இயந்திரத்துக்கு தேய்மானத்துக்கான வரிச் சலுகையாக முதல் வருடம் ஆரம்பச் சலுகை 20 சதவீதமும் வருடச் சலுகை 14 சதவீதமும், இரண்டாம் வருடம் 14 சதவீதமும் கழித்திருந்தால், மீதி 31,200. கம்பெனி உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருப்பதால், என்ன விலைக்கு எழுதிக் கொடுத்தாலும் அந்த 31,200-க்கே கைமாறியதாக எடுத்துக்கொள்வார்கள். நட்டம் அப்படியில்லை. எண்டர்பிரைஸில் சேர்ந்த பழைய நட்டம் கம்பெனிக்குப் போகாது, உங்கள் பெயரிலேயே நிற்கும். சம்பளத்திலும் அதைக் கழிக்க முடியாது. சின்னக் கம்பெனிக்கு முதல் 150,000 வெள்ளி வருமானத்துக்கு வரி 15 சதவீதம்தானே என்று ஆசைப்பட்டுக் கம்பெனி திறக்கிறவர்கள், பழைய நட்டம் எவ்வளவு நிற்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருமான வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டச் சொல்லும் சிபி500 கடிதம் கடை மூடினாலும் தானாக நிற்காது. உரிய தேதிக்குள் சிபி502 பாரம் கொடுத்துத் தவணையைக் குறைக்கக் கேளுங்கள். ரொம்பவும் குறைத்துவிட்டால் அபராதம் உண்டு. ஆட்கள் இருந்தால் கம்பெனிக்குப் புது முதலாளி எண் எடுக்க வேண்டும். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), பிசிபி (சம்பளத்தில் பிடிக்கும் வரி) எல்லாம் அந்தத் தேதியிலிருந்து கம்பெனிப் பெயரில்.

கடை நின்ற 30 நாளுக்குள், கடையைப் பதிந்த எஸ்எஸ்எம் ஆணையத்தில் கடை மூடியதைச் சொல்லிவிடுங்கள். பழைய வங்கிக் கணக்கைக் கடைசிப் பாக்கி வரும் வரை வைத்திருக்கலாம். பில் புத்தகத்தை மட்டும் மாறிய அன்றே, மீதித் தாள்களில் குறுக்குக் கோடு போட்டுக் கட்டி உள்ளே வையுங்கள். ஏழு வருடம் பத்திரமாக இருக்க வேண்டியது அது.