வார் வெட்டுகிறவர்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊரடங்கு சமயத்தில் நைலான் கயிற்றில் கைவளையம் பின்னத் தொடங்கி, இப்போது தோலுக்கு வந்திருக்கிறேன். ஆன்லைனில் சுருளாக விற்கும் தோல்வாரை வாங்கி, அப்பாவின் கைத்தடிப் பிடியில், தலைப்பாகைபோல் சுற்றிப் பின்னுகிற டர்க்ஸ் ஹெட் முடிச்சு போட்டேன். மூன்று இழை அகலம், ஓரத்தில் வார் திரும்புகிற ஐந்து வளைவு, நன்றாக வந்தது. நான்கு இழை, ஆறு வளைவு முயன்றால் பாதியிலேயே வார் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறது. எங்கே தவறுகிறேன்? எட்டு வார் உருண்டைப் பின்னலும் வீடியோக்களில் பார்ப்பதுபோல் வரவில்லை. இடைவெளி விடுகிறது, ஒரு வார் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து கங்காரு தோல்வார் வரவழைத்தால் சரியாகுமா? நல்ல புத்தகம் எது? இவற்றை விற்றுக் கொஞ்சம் சம்பாதிக்க முடியுமா?

இன்னொன்று. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "தோல் வேலையெல்லாம் நமக்கெதுக்கு" என்கிறார். ரெக்சின் என்று சொல்லிச் சமாளித்து வைத்திருக்கிறேன். இது வெளிநாட்டுக் கைவினை, நம் ஊரில் செய்கிற வேலை வேறு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆர்., ஓசூர்

*

அன்புள்ள ஆர்.,

எங்கள் தெருவில் மிருதங்கம் கற்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன வாரம் அவளுடைய வாத்தியத்துக்குப் புது மூட்டு, அதாவது தோல்தட்டும் அதன் விளிம்பில் வார்ப் பின்னலும், போட்டு வந்தது. அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தொடங்கிய யோசனை முடிவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. இல்லையென்றால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் முடிச்சு. நீங்கள் எங்கும் தவறவில்லை. நான்குக்கும் ஆறுக்கும் இரண்டு என்ற பொது வகுத்தி இருக்கிறது. அதனால் ஒரே வாரால் அந்த முடிச்சை முடிக்கவே முடியாது, இரண்டு வார்கள் வேண்டும். மூன்றுக்கும் ஐந்துக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இல்லை, ஆகவே ஒரே வார் முழுதும் சுற்றி வந்து மூடியது. நான்கு இழை வேண்டுமானால் ஐந்து வளைவு வையுங்கள், அல்லது ஏழு. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் பிறந்து, திமிங்கல வேட்டைக் கப்பலில் போய்வந்த கிளிஃபோர்ட் ஆஷ்லி என்ற ஓவியர் இந்த விதியை 1944இல் வெளிவந்த தன் பெரிய முடிச்சுப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தை முடிக்க அவருக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. நீங்கள் கேட்ட நல்ல புத்தகமும் அதுதான்.

ஆனால் இந்தக் கணக்கைக் கேட்க நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டியதில்லை. அம்மாவிடமே கேட்டிருக்கலாம். நான்குக்கு ஆறு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் பின்னிக்கொண்டு போகும் சிக்குக் கோலம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். ஒரே கோட்டில் முடியாது, இரண்டு கோடு வரும். மூன்றுக்கு ஐந்து என்றால் ஒரே கோடு. அங்கும் பொது வகுத்திதான் கணக்கு. வகுத்தி என்ற பெயரைச் சொல்லாமல், எந்தப் புள்ளிக்கணக்கு ஒரே இழையில் மூடும், எது மூடாது என்று உடனே சொல்லிவிடுகிற பெண்கள் நம் வாசல்களில் எத்தனையோ பேர். உங்கள் அம்மாவும் அப்படி ஒருவராக இருக்கலாம். அவரிடம் போய் ரெக்சின் என்று பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

விற்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கத்தி, ஊசி, துளைப்பான் பட்டியல் எதுவும் வேண்டாம். கூரான ஒரு கத்தி போதும்.

பின்னல் ஏன் சரியாக வரவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி. அதை நீங்கள் பின்னலில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். வீடியோக்கள் எல்லாம் எந்த வார் எதன் மேலே போகிறது, எதன் கீழே போகிறது என்பதைத்தான் காட்டுகின்றன. அதை ஒரு மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம். நைலான் கயிற்றில் அத்தோடு வேலை முடிந்துவிடும், ஏனென்றால் இயந்திரம் அந்தக் கயிற்றை முதல் முனையிலிருந்து கடைசி முனைவரை ஒரே பருமனில் செய்து கொடுத்துவிட்டது. தோல் அப்படி வருவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமாக இருக்கும். வயிறும் தொடை இடுக்கும் இழுத்த இழுப்புக்கு வரும். ஒரே தோலில் இங்கே ஒரு தடிமன், அங்கே ஒரு தடிமன். சுருளாக விற்கும் வார் பெரும்பாலும் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்றே தெரியாத துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது. அதில் எட்டு வார்களை எடுத்து உருண்டையாகப் பின்னினால், கொஞ்சம் தடித்த ஒன்று சுற்றிச் சுற்றி ஏறி, பின்னல் நெடுகத் தன்னைக் காட்டிக்கொண்டே போகும். இளகிய ஒன்று உங்கள் இழுப்பில் மெலிந்து இடைவெளி விடும். கையை எவ்வளவு பழக்கினாலும் இது தீராது.

வாரை நீங்களே வெட்ட வேண்டும். ஒரு தோல்துண்டை வட்டமாக நறுக்கிக்கொண்டு, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிக்கொண்டே வெட்டினால் நீளமான ஒற்றை வார் வரும். பத்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தில் நான்கு மில்லிமீட்டர் வார் வெட்டினால், நடுவில் வெட்டவராத சிறு துண்டு போக, ஏறக்குறைய 190 சென்டிமீட்டர் கிடைக்கும். உள்ளங்கை அகலத் தோலில் ஆள் உயர வார். வளைந்த வட்டத்திலிருந்து வந்ததால் முதலில் சுருண்டு நிற்கும், நனைத்து இழுத்தால் நேராகிவிடும். இழுக்கும்போது இளகின இடங்கள் மெலியும். அப்புறம் இரண்டாம் முறை ஓரம் நறுக்கி ஒரே அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியில், உள்பக்கமாக இரண்டு ஓரங்களையும் சரிவாகச் சீவ வேண்டும். ஒரு வார் இன்னொன்றின் மேல் ஏறும்போது படி தட்டாமல் வழுக்கி உட்காருவது இந்தச் சீவலால்தான். துருத்திக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு மருந்து இதுதான்.

ஆஸ்திரேலியாவில் சாட்டை பின்னுகிறவர்கள் ஒற்றைக் கங்காருத் தோலிலிருந்து இப்படித்தான் வெட்டுகிறார்கள். தேவையைவிடச் சற்று அகலமாக வெட்டி, இழுத்து, மறுபடி அளவுக்கு நறுக்கி, ஓரம் சீவி, கொழுப்பும் சோப்பும் கலந்த ஒரு பசையைத் தடவிக்கொண்டு பின்னத் தொடங்குகிறார்கள். பின்னுவதற்கு முந்திய வேலையே பாதிக்கு மேல். கங்காருத் தோலை அவர்கள் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அதன் நார்கள் தோலின் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கின்றன, அதனால் மெல்லியதாகச் சீவினாலும் வலு அதிகம் குறைவதில்லை. கன்றுத் தோலை அப்படிச் சீவினால் பிய்ந்துவிடும். ஆனால் இன்னும் வெட்டக் கற்காத கைக்கு அந்தத் தோல் எதற்கு? வரவழைக்காதீர்கள்.

அர்ஜென்டினாவின் பம்பாஸ் சமவெளியில் மாடு மேய்த்த கௌச்சோக்கள் பதனிடாத பச்சைத் தோலில் பின்னினார்கள். மயிர் களைந்து, மரக்கருவியால் கசக்கிப் பக்குவப்படுத்தி, நூல்போல மெல்லிய வார்களாக வெட்டி, கடிவாளத்திலும் கத்தி உறையிலும் அவர்கள் போட்ட முடிச்சுகளைப் பார்த்தால் கையால் செய்தது என்று நம்பக் கஷ்டமாக இருக்கும். பச்சைத் தோலில் ஈரம்தான் எல்லாம். கூடுதலாக நனைத்துப் பின்னினால் காய்ந்தபின் சுருங்கி இடைவெளி விடும். உலர்ந்திருந்தால் வெடிக்கும். தொட்டால் குளிர வேண்டும், ஆனால் விரலில் நீர் ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவத்தை வைத்துத்தான் அங்கே ஆளை மதிப்பார்கள். வெறும் முடிச்சு எத்தனை தெரியும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வார்கள்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. "நம் ஊரில் செய்கிற வேலை வேறு" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வேறு, தம்பி?

சின்ன வயதில் நானும் சில காலம் மிருதங்கம் கற்றேன். வாத்தியத்தை மூட்டுப் போடக் கொண்டுபோகும் வேலை என்னுடையது. அந்த வீட்டின் முற்றத்தில் ஒருவர் உட்கார்ந்து எருமைத் தோலில் வார் வெட்டிக்கொண்டிருப்பார். தோல் ஈரமாக இருக்கும். வெட்டிய முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இடது கையால் தோலைச் சுழற்றிக்கொண்டே இருப்பார். வலது கையில் கத்தி அசையாமல் நிற்கும், தோல்தான் கத்தியிடம் வரும். அளவுகோல் கிடையாது, கைக் கட்டைவிரல்தான் அளவு. வார் நீண்டுகொண்டே போகும், அகலம் மாறாது. நடுவில் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார், கண்ணை மட்டும் எடுக்க மாட்டார். அப்புறம் அந்த வாரில் வளையமாக ஒரு பின்னல். தோல்தட்டுகளை அந்தப் பின்னலோடு சேர்த்து, பதினாறு கண்களின் வழியாக, வலது முகமான வலந்தலைக்கும் இடது முகமான தொப்பிக்குமாக வாரை ஓட்டி இழுத்து முறுக்குவார். கச்சேரி மேடையில் வித்வான் கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பது அந்தப் பின்னலைத்தான். வாரில் ஓரிடம் இளகினால் அந்தக் கண்ணில் சுருதி நிற்காது. வார் ஏன் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று நான் உங்களுக்கு இவ்வளவு நேரம் எழுதியதை அவர் காதால் அறிந்து வைத்திருந்தார்.

எனக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர் வாத்தியத்தைப் பூஜையறையில் வைத்திருந்தார். விஜயதசமிக்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு. அந்த மூட்டைப் பின்னியவர் எப்போதாவது வீட்டுக்கு வந்தால் திண்ணையோடு சரி. காபி தனி டம்ளரில் வரும், குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். பின்னல் பூஜையறைக்குள்ளும், பின்னியவர் வாசலிலும் இருந்ததைப் பார்த்துக்கொண்டு நான் தாளம் கற்றேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்ததும் இவ்வளவு கோபம் வந்தது.

கமலைச் சாலுக்கு வார் தைத்தவர், உழவுச் சாட்டைக்கு வார் முறுக்கியவர், பறைக்குத் தோல் இழுத்துக் கட்டியவர், எல்லோருக்கும் அதே கத்திதான், அதே கட்டைவிரல்தான். ஆஸ்திரேலியாக்காரர் செய்தால் கைவினை, சேரியில் இருப்பவர் செய்தால் தோல் வேலை என்று பிரிக்க உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வளர்ந்த காலமும் சூழலும் அவரை அப்படிப் பேச வைக்கின்றன. நீங்கள் படித்தவர், வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவர். அவருடைய அருவருப்பைப் போக்குவதற்குப் பதிலாக, அந்த அருவருப்பு அப்படியே இருக்கட்டும், என்னை மட்டும் அதிலிருந்து விட்டுவிடுங்கள் என்று கேட்கிறீர்கள். கௌச்சோக்களையும் ஒரு காலத்தில் ஊர்சுற்றிகள் என்று சொல்லிப் பிடித்து எல்லைக் காவலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு அதே நாடு மனம் மாறி, சான் அன்டோனியோ தெ அரெக்கோ என்ற சிற்றூரில் 1938இல் கௌச்சோ வாழ்க்கைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. நம்மால் ஏன் முடியாது என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

கடுமையாகச் சொல்லிவிட்டேன். உங்கள் ஆர்வத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பாவின் கைத்தடிக்கு முடிச்சுப் போட வேண்டும் என்று தோன்றியதே, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவர் தினமும் கை வைக்கும் இடம் அது, வேர்வையும் எண்ணெயும் ஏறி அந்தத் தோல் நாளாக நாளாக நிறம் கூடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சுருள் வாரைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஒரு சனிக்கிழமை சென்னை பெரியமேட்டுக்குப் போங்கள், அல்லது திண்டுக்கல் பக்கம் போகும்போது விசாரியுங்கள். பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு இங்கிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதியான தோலின் வழிவந்தது அது. குரோமியத்தில் பதனிட்ட மென்தோல் பழகுவதற்கு ஆகாது, இழுத்தால் நீண்டுகொண்டே போகும். முதுகுப் பகுதியாகப் பார்த்து எடுங்கள். முடிந்தால் மூட்டுப் போடும் பட்டறை ஒன்றைத் தேடிப் போய், அனுமதி கேட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். அவரை வெறும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், அந்த நாளுக்கான கூலியைக் கேட்டுக் கொடுங்கள். தோலை வீட்டுக்கு எடுத்துவந்ததும் தோல் என்றே அம்மாவிடம் சொல்லுங்கள். முதல் நாள் சண்டை வரும்.

பின்னலுக்கு வேண்டிய நீளத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளமாக வாரை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் பின்னிய முடிச்சின் படத்தை அனுப்ப வேண்டாம். நீங்கள் வெட்டிய வாரை ஓர் அளவுகோலின் பக்கத்தில் நீட்டி வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், ஓரம் சீவியது தெரியும்படி.

அன்புடன்.